உறை பிரிக்காமல் விற்ற நாவல்

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே ஒரு நாவலை மூன்று முறை படித்தவன் என்று எனக்கு ஆபீஸில் ஒரு பெயர் உண்டு. சந்தாப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் காதிலும் அது விழுந்திருக்கும். கேன்டீனில் யாராவது சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் மசாலாவும் சேர்த்திருப்பார்கள். நம் பிரிவில் யாரும் எதையும் உள்ளது உள்ளபடி சொல்லிப் பழகியவர்கள் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டபோது, இதை நானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. மற்றவர்கள் சொல்வதைவிட நான் சொல்வது எனக்குக் கொஞ்சம் கூடுதல் அவமானம்தான். ஆனால் விவரங்கள் சரியாக இருக்கும்.

அப்போது நான் ஹைதராபாத்தில் நம் வார இதழின் பிரதிநிதி. விசிட்டிங் கார்டில் கிளை அலுவலகம் என்று இருக்கும். நேரில் வந்து பார்த்தால் சிகந்திராபாத்தில் ஒரு மாடியறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நான். சந்தாக்கள் தேய்ந்துகொண்டே வந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் தெலுங்கில் வருகிறது, எங்களுக்குப் பிறகு இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரே பல்லவி. சென்னையிலிருந்த எங்கள் சர்க்குலேஷன் மேனேஜர் ஒருநாள் போனில் பூசி மெழுகாமல் சொன்னார். இந்த வருடமும் இப்படியே போனால் கிளையை மூடிவிடுவார்கள், என்னைச் சென்னைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். என் மகள் அப்போது இன்டர் முதல் வருடம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன். ஊரை விட்டுக் கிளம்பவே முடியாத நேரம்.

அந்தச் சமயத்தில்தான் இலவச நாவல் திட்டம் வந்தது. நம் இதழில் பதினாறு வருடத்துக்கு முன் தொடராக வந்து, அதன்பின் புத்தகமாகாமலே கிடந்த கதை அது. யாரோ ஓர் இயக்குநர் அதைத் தேடிப் பிடித்துப் படமாக்கிவிட்டார். உடனே நமக்கும் அதன் அருமை தெரிந்துவிட்டது. கதாநாயகியின் முகத்தை அட்டையில் போட்டு அவசர அவசரமாக அச்சடித்தார்கள். ஒரு வருடச் சந்தா கட்டினால் நாவல் இலவசம், சந்தாதாரர்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியும் உண்டு. காட்சியன்று மேனேஜரே புத்தகங்களோடு வந்து எல்லோர் கையிலும் கொடுப்பார். அதுவரை காட்டுவதற்கென்று எனக்கு ஒரே ஒரு மாதிரிப் பிரதி வந்தது.

"முதல்ல நீ படி. படிக்காததை விக்காதே" என்றார் மேனேஜர். ராசிபலன் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் இதழைப் பற்றி வாயைத் திறக்கும் மனிதர் அவர். ஒரு வாரம் கழித்து, படித்தாயா என்று கேட்டார். படித்துவிட்டேன் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் சொன்னால் தாராளமாகச் சொல்ல வேண்டும் என்பது அந்த நாளில் என் கொள்கை.

ஏன் படிக்கவில்லை என்றால் ஒரு காரணம் இருந்தது. பிளாஸ்டிக் உறையோடு இருந்த புத்தகம் பளபளவென்று இருந்தது. பிரித்துவிட்டால் பையில் கிடந்து நாலு நாளில் மூலை மடங்கி, பழைய புத்தகக் கடைச் சரக்காகிவிடும். வாங்குகிறவர்களுக்குப் புதுசாகத் தெரிய வேண்டாமா? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் சோம்பல். பின்னட்டையில் மூன்று வரி இருந்தது. வீட்டைவிட்டுப் போய்விட்ட ஒருவன். போகும்போது அவன் வைத்துவிட்டுப் போன ஒரு கடிதம். பத்து வருடமாக அதைப் பிரிக்காமலே வைத்திருக்கும் அவன் மனைவி. இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டே ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் வீடு, வீடுகூட இல்லை, சனத்நகரில் ஒரு லேத் பட்டறை. முதலாளி பழனிசாமி, கோயம்புத்தூர்க்காரர். மூன்று வரியைச் சொல்லி முடித்ததும் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். "ஏனுங்க, அந்தக் கடுதாசில என்னதானுங்க எழுதியிருந்தான்?"

அதைச் சொல்லிவிட்டால் நாவல் எதற்கு என்று சிரித்து மழுப்பினேன். அவர் மசியவில்லை. சொன்னால்தான் சந்தா என்றார். அவருக்குப் பின்னால் ஒரு மிஷின் பாதி பிரித்த நிலையில் கிடந்தது. என் நாக்கு தானாகப் பேசியது. அவன் ஒரு புது மிஷின் கண்டுபிடித்திருந்தான், கூட்டாளி திருடிவிடுவான் என்று பயந்து அதன் வரைபடத்தைக் கடிதத்துக்குள் மறைத்து மனைவியிடம் விட்டுப் போனான் என்றேன். பழனிசாமி கையை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கூட்டாளியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்று எனக்கு ஒரு கெட்ட பாடம் கிடைத்தது. வீட்டுக்குத் தகுந்த மாதிரி கடிதத்தை எழுதலாம் என்பதுதான் அது.

கொண்டாப்பூரில் ஹர்ஷினி என்று ஒரு மதுரைப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். அவளிடம், அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது, நீயும் கிளம்பி வா என்று கடிதத்துக்குள் விமான டிக்கெட்டை வைத்துவிட்டுப் போனான் என்றேன். "அவங்க பத்து வருஷமா பிரிக்கவே இல்லையா? அப்ப டிக்கெட்டு?" என்று கேட்டாள். காலாவதி ஆகிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. மேல்மாடியில் இருந்த இரண்டு தோழிகளையும் போனில் கூப்பிட்டு, அவர்களுக்கும் சந்தா எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு எனக்குக் கை தேர்ந்துவிட்டது. நாவலை எழுதியவருக்கு அந்த ஒரு முடிவை யோசிக்க மாதக்கணக்கில் ஆகியிருக்கும். எனக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் போதும். சந்தாப் படிவங்கள் மளமளவென்று சென்னைக்குப் போயின. மேனேஜர் போனில் முதல் தடவையாக என்னிடம் 'சபாஷ்' என்றார்.

லோத்குண்டாவில் ரோஸ்லின் அம்மா வீட்டுக்குப் போனது ஒரு முற்பகல். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு இங்கே வந்த குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஊடே இந்த ஊர் வார்த்தைகளும் வந்து விழும். "ஹவ், சரி தம்பி, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அட்டையில் இருந்த பெயரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சு?"

நான் கடிதத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என் கவனமெல்லாம் சுவரில் இருந்தது. அங்கே ராணுவப் படம் போட்ட ஒரு காலண்டர் தொங்கியது. லோத்குண்டா, பக்கத்தில் கன்டோன்மென்ட், காலண்டர். எனக்கு அது போதும்.

"அவன் பட்டாளத்துல சேர்ந்துட்டான்மா. எனக்காகக் காத்திருக்காதே, என்னை மறந்துடுன்னு எழுதியிருந்தான்."

"மறந்துடுன்னா எழுதினான்?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். காக்கித்தாளில் சுற்றியிருந்த எதையோ பாதி வெளியே எடுத்தார், பிறகு உள்ளேயே தள்ளி வைத்துவிட்டுப் பேனாவோடு வந்தார். சினிமா நக்கோ, வேண்டாம், புத்தகம் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். புத்தகம் காட்சியன்றுதான் கிடைக்கும் என்றதும் வருவதாக ஒப்புக்கொண்டார். சந்தா சேர்ந்த சந்தோஷத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்காது.

காட்சி நாளும் வந்தது. மேனேஜரை ரயில் நிலையத்தில் வரவேற்றபோது, நாவல் எப்படி என்று கேட்டார். மூன்றாவது தடவை படித்தபோதுதான் அதன் ஆழம் புரிந்தது என்றேன். அவர் என் பையைப் பார்த்தார். மாதிரிப் பிரதி அதில் பளபளவென்று இருந்தது.

படத்தில் அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்தாள். கணவனுக்கு இதய நோயாம், அவளுக்குத் தெரியக் கூடாதென்று போய்விட்டானாம். அதற்கு ஒரு பாட்டு வேறு. தியேட்டரில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அந்த ஏ.சி.யிலும் வியர்த்தது. ஏனென்றால் ஒரு டாக்டர் வீட்டைத் தவிர வேறெங்கும் நான் நோயைச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே முகப்பில் இரானி சாயாவும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்திருந்தோம். மேனேஜர் ஒரு மேஜைக்குப் பின்னால் நின்று புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழனிசாமி நேராக என்னிடம் வந்து, மிஷினைக் காணோமே என்றார். நான் தயங்கவே இல்லை. சினிமாக்காரர்கள் கதையை மாற்றிவிட்டார்கள், நாவலில் எல்லாம் நான் சொன்னபடியே இருக்கும் என்றேன். அது நல்ல பதில். இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாத பதில். ஆனால் அரை கப் சாயா குடிக்கும் நேரம்தான் தாங்கியது. ஹர்ஷினி வந்து டிக்கெட் விஷயம் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவளுக்கும் அதே பதிலைச் சொல்லி வாய் மூடவில்லை, பழனிசாமி அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ன டிக்கெட்டுங்க? நாவல்ல மிஷின் வரைபடந்தானுங்களே இருக்குது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் தங்கள் கடிதங்களை எடுத்துவிட ஆரம்பித்தார்கள். இதற்குள் மேனேஜர் புத்தகங்களைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். முகப்பு முழுக்கப் பிளாஸ்டிக் கிழியும் சத்தம். எல்லோரும் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று மாதிரிப் பிரதியை வெளியே எடுத்தேன். அவசரத்தில் உறை கிழியவில்லை. பல்லால் கடித்தேன். நிமிர்ந்தால் மேனேஜர் எதிரே நிற்கிறார்.

"மூணு தடவையும் கவரோடதான் படிச்சியா?" என்று அமைதியாகக் கேட்டார்.

கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்தேன். பத்து வருடம் கழித்து அவன் திரும்பி வருகிறான். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறாள். பிரிக்காத கடிதத்தை அவன் கையில் வைக்கிறாள். எழுதி வைத்துவிட்டுப் போனதை இப்போது வாயால் சொல் என்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. கடிதத்தில் என்ன இருந்தது என்று எழுதியவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

என் முட்டாள்தனம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. முன்பே படித்திருந்தால் எனக்கு ஒரு பொய்கூடத் தேவைப்பட்டிருக்காது. கடைசிவரை அவள் அதைப் பிரிக்க மாட்டாள், ஏன் என்று படித்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் பழனிசாமி இன்னும் வேகமாகக் கையைத் துடைத்திருப்பார். ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? நாவலில் சொல்லவில்லை, அதனால் ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொள்ளலாம், அதைத்தான் நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னேன் என்று ஒரு விளக்கம் தயாராகிவிட்டது. சொல்ல வாயையும் திறந்துவிட்டேன்.

அப்போது ரோஸ்லின் அம்மா வந்தார். அவர் இந்தச் சச்சரவில் கலந்துகொள்ளாமல் ஓரமாக ஒரு தூண் பக்கத்தில் நின்று கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்திருந்தார். பையிலிருந்து காக்கித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு பைண்டு புத்தகம். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்து, சேர்த்துத் தைத்து, காலிகோ துணி அட்டை போட்டுக் கட்டி வைக்கும் வாசகர்கள் அப்போது வீதிக்கு ஒருவர் இருந்தார்கள். அதே நாவல்தான், தொடராக வந்தபோதிருந்த படங்களோடு. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'அடுத்த இதழில் முடியும்'. அதற்கு மேல் இல்லை.

அந்த அடுத்த இதழ் அவருக்கு வந்து சேரவில்லை. சந்தாவை நேரத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். சென்னையில் யாரோ அதை ஓர் இதழ் தள்ளிப் பதிந்துவிட்டார்கள். இரண்டு கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். 'தாங்கள் கோரிய இதழ் கையிருப்பில் இல்லை' என்ற அச்சடித்த கார்டு வந்திருக்கிறது. அந்தக் கார்டையும் பக்கங்களுக்கு நடுவே வைத்திருந்தார். பதினாறு வருடத்துக்கு முன் சென்னையில் அந்தக் கார்டுகளில் இனிஷியல் போட்டுத் தள்ளிய மூன்று பேரில் நானும் ஒருவன். எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவ பிரிக்கவே இல்லையே தம்பி" என்றார். "நீங்க சொன்னதை நம்பி ஒரு மாசமா அவன் மேல கோவமா இருந்தேன். சோறு வடிக்கும்போதுகூடத் திட்டினேன்."

தயாராக வைத்திருந்த விளக்கத்தைக் கைவிட்டேன். இவரை ஏமாற்றிவிட்டேன் என்பதைவிட, ஒரு கதைக்காக இப்படிக் காத்திருந்தவரிடம் ஒரு காலண்டரைப் பார்த்துப் பதில் சொன்னேனே என்பதுதான் வலித்தது. சந்தாப் பிரிவில் அத்தனை வருடம் இருந்தும் வாசகர் என்றால் எனக்கு ஒரு படிவம்தான்.

"நான் படிக்கலம்மா. உங்களுக்கு மட்டுமில்ல, இங்க இருக்கிற யாருக்கும் நான் நாவல்ல இருக்கிறதைச் சொல்லல. எல்லாமே நான் கட்டிவிட்டது" என்றேன். முகப்பில் எல்லோருக்கும் கேட்டது. ரோஸ்லின் அம்மா இரண்டு புத்தகங்களையும் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வண்டியில் மேனேஜர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். முதலில் நாவலை முழுவதும் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்கிறவர்களின் சந்தாவை ரத்து செய்துவிட்டு வர வேண்டும். ரயில் ஏறும் முன் ஒன்று மட்டும் சொன்னார். "அந்த நர்ஸம்மா சந்தாவை வச்சுக்கிட்டா கிளைக்காக நான் மேலே பேசுறேன். வேண்டாம்னுட்டாங்கன்னா பேச மாட்டேன்."

அன்று பிற்பகலே மாடியறையில் உட்கார்ந்து நாவலைப் படித்தேன். நல்ல நாவல். இப்படி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வேறு கதை விற்றிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் முதல் வீடு வீடாக ஏறினேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஹர்ஷினியின் தோழிகள் இரண்டு பேரும் ரத்து செய்துவிட்டார்கள். ஹர்ஷினி மட்டும், டிக்கெட் கதைக்காக என்னைக் கால் மணி நேரம் திட்டிவிட்டுச் சந்தாவை வைத்துக்கொண்டாள். பழனிசாமி வேறு மாதிரி. நான் சொன்னதுதான் நன்றாக இருந்தது என்றார், அது என்ன மிஷின் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். தெரியாது என்றேன். அந்தச் சுற்றில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். ஆச்சரியம் என்னவென்றால், தெரியாது, படிக்கவில்லை என்று சொன்ன பிறகு, இப்போது படித்துவிட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் உடனே நம்பினார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு பாடம் எதையும் நான் சொல்லப் போவதில்லை.

லோத்குண்டாவை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. கடைசியில் ரத்துப் படிவத்தை நானே நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன், அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"கைக்கு தம்பி, ஏன் இத்தனை நாள்?" என்று கதவைத் திறந்தார். உள்ளே மேஜைமேல் அந்தப் பைண்டு புத்தகம் இருந்தது. புதிதாகக் கட்டியிருந்தார்கள், பசை வாசனை போகவில்லை. கடைசிப் பக்கங்கள் மட்டும் அளவில் சின்னதாக, வெள்ளையாக இருந்தன. நம் இலவச நாவலிலிருந்து கடைசி அத்தியாயத்தை பிளேடால் வெட்டியெடுத்து, தொடர்கதையோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். 'அடுத்த இதழில் முடியும்' என்ற வரிக்கு அடுத்த பக்கத்தில் இப்போது கதை முடிந்திருந்தது.

படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், இரண்டாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். சந்தா இருக்கட்டும், ஆனால் இனிமேல் ஒரு இதழ் தவறினாலும் நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார். காலண்டரைப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். பிறகு அலமாரியிலிருந்து இலவச நாவலை எடுத்து என்னிடம் கொடுத்தார். கடைசி அத்தியாயம் இருந்த இடம் வெட்டுப்பட்டு, பின்னட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"முடிவை நான் எடுத்துக்கிட்டேன் தம்பி. மீதியை நீங்க வச்சுக்கங்க" என்றார். "முடிவுதான் உங்ககிட்ட நிறைய ஸ்டாக் இருக்கே."